நாலாம் நம்பர் பிரஸ்

உக்காருங்க சார். பாஸ்ல சூப்பர்வைசர் கையெழுத்து வரணும், அதுவரைக்கும் கேட்டைத் தொறக்க எனக்கு அதிகாரமில்ல. தகடு வெட்டற நாலாம் நம்பர் பிரஸ்ஸை ரிப்பேர் பாக்கத்தானே? தெரியும். பெடலை ஒரு வாட்டி மிதிச்சா ரெண்டு வாட்டி அடிக்குதாம், கையை எடுக்க விடாம. பெங்களூர்ல இருந்து பஸ்ஸு புடிச்சு வந்திருக்கீங்க, டீயைக் குடிங்க.

இந்தக் கையா? அதே பிரஸ்ஸுதான். எண்பத்தாறுல. கட்டைவெரலும் சுண்டுவெரலும் மிச்சம். டீ கிளாஸ் புடிக்க அது போதும்.

இப்ப ஒருத்தன் நொண்டிக்கிட்டு உள்ள போனானே, பாத்தீங்களா? உத்தனப்பள்ளி திம்மராயன். கம்பெனி ஃபுட்பால் டீம்ல லெஃப்ட் விங்கர். பந்தோட கோட்டோரமா கெளம்பினான்னா தடுக்க வந்தவன் தரையிலதான் கெடப்பான். ஓடோ திம்மான்னு கன்னடக்காரங்களே கத்துவாங்க. பதினோரு வருசம் ஆடறதுக்குத்தான் சம்பளம். காலையில வருவான், கார்டு பஞ்ச் பண்ணுவான், நேரா கிரவுண்டு. மெஷின் சும்மா நிக்கக் கூடாதில்ல? அவனுக்குப் பதிலா நான் நின்னேன். அவன் கார்டு, என் கை. இங்க அதான் வழக்கம்.

ஃபைனல் அன்னைக்குத்தான் வெரலு போச்சு. கோப்பையை ஆஸ்பத்திரிக்கே தூக்கியாந்து என் கட்டில்ல வெச்சு அழுதான் சார். நானும் அழுதேன். மறுவாரம் விசாரணை. ராமப்பனை, அதான் என்னை, உன் மெஷின்ல நிக்கச் சொன்னது யாருன்னு அவனைக் கேட்டாங்க. தெரியாது, அவனா போய் நின்னிருப்பான்னுட்டான். உண்மையைச் சொன்னா டீம்ல இருந்து தூக்கிடுவாங்கன்னு பயம். எனக்குப் பாவம் பாத்து இந்த கேட்டைக் குடுத்தாங்க.

கோவம் இல்லியான்னா கேக்கறீங்க? வயிறெரியுது சார். அதுக்கப்புறம் மூணு வருசம் ஆடினான். ஒவ்வொரு மேட்சுக்கும் டீம் பஸ்ஸுக்கு கேட்டைத் தொறந்து விட்டது நாந்தான்.

இப்ப முட்டி போச்சு, டீம்ல வேற ஆளு. இன்னிக்கித்தான் மொத நாளு, ரெண்டு மணி ஷிஃப்ட்டு. அவன் பேர்ல இருக்கற மெஷின்ல கடைசியா அவனே நிக்கப் போறான். எந்த மெஷினா? அதான் சார், நாலு.

பதறாதீங்க, உக்காருங்க. சங்கு ஊதிடுச்சு. பாஸா? அது காலையிலயே கையெழுத்தாகி இந்த டிராயர்லதான் இருக்குது. ஷிஃப்ட்டு மாறறப்ப சேதியெல்லாம் கேட் வழியாத்தான் உள்ள போகும். காலை ஷிஃப்ட்டுல நாலுல நின்ன நாராயணப்பன் சங்குக்கு முன்னாடியே கெளம்பினப்ப சொல்லிட்டுத்தான் போனான், ஃபிட்டர் வர்ற வரைக்கும் நாலைத் தொட வேணாம், திம்மராயன் வந்தா சொல்லிடுன்னு. வந்தான். எப்படியிருக்கே ராமான்னு நின்னு கேட்டான். நல்லாருக்கேன், நேரமாச்சு போன்னு இந்தக் கையை ஆட்டி அனுப்பி வெச்சேன்.