பாறையில் நிற்பவன்

எனக்குச் சர்க்கரை போடாத டீ போதும் சார். நிதானமாகவே சொல்கிறேன், ஓடிப்போகிற ஆள் இல்லை.

நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறதாமே. அதனால் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்லாங்குளம் ஜமீன் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பெரியவர்களுக்குத் தெரியும். இப்போது ஜமீனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மிச்சம் இருப்பது ஒழுகுகிற அரண்மனை, கொஞ்சம் தென்னந்தோப்பு, ஆடி அமாவாசை அன்று குலதெய்வக் கோயிலில் தலையில் கட்டுகிற பரிவட்டம். அதுவும் ஒன்றரை முழத் துணிதான். இராஜபாளையத்தில் பேண்டேஜ் நெய்கிற தறியில் அதைவிட நல்ல துணி கிடைக்கும். ஆனாலும் அதைக் கட்டியவனைப் பார்த்தால் ஊரே எழுந்து நிற்கும்.

கட்டுவதற்கு முன் அய்யனார் கோவில் ஆற்றில் மூன்று முங்கு போட வேண்டும். மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அதனால் அடுத்த வாரிசு மேல்பாறையில் நின்று தண்ணீர் பார்க்க வேண்டும் என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். ஒவ்வொரு முங்குக்கும் முன்னால் குளிக்கிறவர் பாறையைப் பார்ப்பார். வாரிசு கையைத் தூக்கினால் முங்கலாம், தூக்காவிட்டால் கரையேறிவிட வேண்டும். எந்தத் தாத்தா ஏற்படுத்தினாரோ, பாவம், பெற்ற பிள்ளைகளை ரொம்ப நம்பியிருக்கிறார்.

அண்ணன் முத்துராமலிங்கத்துக்கு நான் பதினோரு வருஷம் தண்ணீர் பார்த்தேன். எனக்கு அப்பா முகம் நினைவில்லை. அண்ணன்தான் தோளில் தூக்கி வளர்த்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் அவருக்குப் பிள்ளை இல்லை. நானாக எதற்கும் ஆசைப்பட்டதில்லை சார். ஊர்தான் பேசியது. முடிவெட்டப் போனாலும், மில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் டீ குடிக்கிற இடத்தில் நின்றாலும் ஒரே பேச்சு. டிரைவர் குருசாமி எனக்குச் சின்ன ஜமீன் என்றே பேர் வைத்துவிட்டான். "அவியளுக்குப் பொறவு ஒங்களுக்குத்தான். வேற யாரு இருக்கா?" என்பான். சும்மா இருடா என்று சிரிப்பேன். கண்ணாடி முன்னால் துண்டைத் தலையில் சுற்றிப் பார்த்தது உண்டு. இரண்டு மூன்று தடவை இருக்கும்.

எண்பத்தாறில் மதினி பரிபூரணம் உண்டாகிவிட்டார். எனக்கு மெய்யாகவே சந்தோஷம், பொங்கல் வைத்தேன். ஆனால் டீக்கடையில் எனக்காக எழுந்து இடம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று என்னிடமே கேட்டார்கள். ஒருத்தனுக்குக்கூடக் கூச்சம் இல்லை.

அந்த ஆடி அமாவாசைக்கு மதினிக்கு ஏழு மாதம். அண்ணன் முதல் முங்கு போட்டு எழுந்தார். மேலேயிருந்து சருகு கொத்துக் கொத்தாக மிதந்து வந்தது. பிறகு தண்ணீரின் ஓரம் செம்மண் நிறமாக மாறியது. அண்ணன் என்னைப் பார்த்தார்.

நான் கத்தினேன், இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை என்று அன்று போலீசில் எழுதிக் கொடுத்தேன். கத்தவில்லை. கையைத் தூக்கினேன். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இரண்டாவது முங்கு போட்டார்.

உடல் இரண்டு மைல் தள்ளிக் கிடைத்தது. கொள்ளி வைத்தது நான்தான். அழுதேன் சார், அது நடிப்பில்லை. இன்றைக்கும் அவர் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுகிறேன். அவர் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. வயிற்றிலிருக்கிற பிள்ளைக்குப் பரிவட்டம் கட்ட முடியாது என்று பெரியவர்கள் எனக்குக் கட்டினார்கள்.

இரண்டு மாதத்தில் ஆண் பிள்ளை பிறந்தது. அண்ணன் பேரையே வைத்தோம். அவனுக்கு விவரம் தெரிகிற வரை பரிவட்டத்தை நான் கட்டிக்கொள்வது என்று பேச்சு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனை டி.வி.எஸ். பிஃப்டியில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டேன், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பெற்ற அப்பன்கூட அப்படிப் பார்க்க மாட்டான் என்று ஊர் சொல்லும்.

அவனுக்கு ஒன்பது வயது நடக்கிறது. நாளை அமாவாசைக்கு அவனுக்குப் பரிவட்டம். அடுத்த வாரிசு நான்தான் என்பதால் பாறையில் நான். இந்தத் தடவை வேறு யாராவது நிற்கட்டுமே என்று நேற்று மதினியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"அவிய போன பொறவு ஒங்கள நம்பித்தானே இருக்கோம் தம்பி. நீங்க நின்னாத்தான் எனக்கு நெஞ்சு ஆறும்."

பையன் என் காலைக் கட்டிக்கொண்டான். "சித்தப்பா நிக்கும்போது எனக்கு என்ன பயம்?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இவன் மேல் எனக்கு இருக்கிற பாசத்தில் சந்தேகமே இல்லை. இன்று காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது மலை மேல் கருகருவென்று மேகம் இறங்கியது. நல்ல மழை பெய்யும் போலிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க மனசு லேசாகிக்கொண்டே வந்தது. எதற்காக லேசாகிறது என்று செத்த நேரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. வாயைக்கூடக் கொப்பளிக்காமல் டவுன் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நாளை சாயங்காலம் வரைக்கும் மட்டும், யார் வந்து கேட்டாலும், மதினியே வந்து அழுதாலும், என்னை வெளியே விட்டுவிடாதீர்கள்.