உடைத்துப் போட்ட பொம்மர்

பிராங்பேர்ட் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு தமிழர் இருந்தார்கள். இளையவர் திடீரென்று சொன்னார்:

“அண்ணை, பக்கத்து வீட்டு ஜேர்மன் கிழவன் தந்த பொம்மரை உடைச்சுப் போட்டன்.”

“கிழவன் விமானப்படையோ வைச்சிருக்கிறார்?”

“மரத்திலை செய்த சின்ன விமானம். உலக யுத்தம் தொடங்கேக்கை பிரெஞ்சுக்காரர் குண்டு போட ஓட்டின ரெண்டு என்ஜின் பொம்மர். யாழ்ப்பாணத்திலை குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ளை கிடந்தவன் அதை வீட்டிலை வைப்பனோ? குப்பைத் தொட்டியிலை போட்டதைக் கிழவன் கண்டு எடுத்துக்கொண்டு போட்டார்.”

“போய் விளக்கமாச் சொல்லன்.”

“சொன்னனான். ‘அது குண்டு போடேக்கை நானும் நிலவறைக்குள்ளை கிடந்த பெடியன். பயம் போகத்தான் செய்தனான். உனக்கும் போகட்டுமெண்டு தந்தனான்’ எண்டார்.”

“அப்ப திருப்பிக் கேளன்.”

“எப்பிடி அண்ணை கேக்கிறது? ரெண்டு செட்டையையும் மிதிச்செல்லோ முறிச்சனான்.”