உப்புப் பார்த்தவள் நான்

பெயர்: தனபாலன் அனுஷியா. வயது: 34. தொழில்: வீட்டில் செய்த சம்பல் வகைகளை இணையத்தில் விற்கும் இடத்தில் வேலை. முகவரி: இல. 17/3, சந்தைக்குப் பின் ஒழுங்கை, வத்தேகம. 2025 மார்ச் 24ஆம் திகதி திங்கட்கிழமை முற்பகல் 10.20க்கு, பொலிஸ் நிலையத்தின் பெண்கள் பிரிவில், நான் தமிழில் சொல்லத் தமிழிலேயே எழுதப்பட்டது.

நான் மேற்படி முகவரியில் கணவருடனும் ஒன்பது வயது மகளுடனும் வசிக்கிறேன். கணவர் தனபாலன் கண்டி நகரில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறார். இன்று என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானே நடந்து வந்தேன். வாசலில் நின்ற உத்தியோகத்தர் யார் மேல் முறைப்பாடு என்று கேட்டார். என் மேல்தான் என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஷஹ்மா குசினி" என்ற பேஸ்புக் பேஜை நடத்தும் ஷஹ்மா என்பவர் எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீட்டில் இருக்கிறார். அவரை நான் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் ஸமீம் லொறி ஓட்டியவர், முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து வண்டி ஓட்ட முடியாமல் வீட்டில் இருக்கிறார். நான் வேலை செய்த உடுப்புக் கடையை 2022இல் மூடிவிட்டார்கள். அதன் பின்னர் ஷஹ்மா ராத்தா சீனிச் சம்பல் கிண்டி, போத்தலில் அடைத்து, பேஜில் படம் போட்டு விற்கத் தொடங்கினார், நான் அவருக்குப் பொதி கட்டப் போனேன். முதல் மாதம் ஆறு போத்தல் விற்றோம். அதில் இரண்டு என் மாமியார் வாங்கியது.

மூன்று வருடத்தில் அந்தப் பேஜ் வளர்ந்தது. கொழும்பு, குருநாகல், பிலிமத்தலாவை என்று நாற்பத்தெட்டு வீடுகள் மாதா மாதம் தவறாமல் போத்தல் எடுக்கும் அளவுக்கு வந்தது. இதற்கு ஷஹ்மா ராத்தா மாதப் பொதி என்று பெயர் வைத்தார். "ஒரு நாளக்கி விக்கிறது யாவாரமில்ல அனு, அடுத்த மாசமும் அதே ஆள் தேடி வரணும்" என்று அடிக்கடி சொல்வார். இந்த நோன்புப் பெருநாள் முடிந்ததும் வியாபாரத்தை இரண்டு பேர் பெயரிலும் பதிவதாக இருந்தது. பிரதேச செயலகத்தில் எடுத்த படிவம் அவர் அலுமாரியில் இருக்கிறது. அதில் என் பெயரை அவரே எழுதி வைத்திருக்கிறார், கையெழுத்து மட்டும் நான் போட வேண்டும்.

நோன்பு மாதத்தில்தான் எங்களுக்கு ஓடர் கூட. ஆனால் அந்த மாதத்தில் ஷஹ்மா ராத்தா பகலில் எதையும் வாயில் வைக்கமாட்டார். சமைக்கிறவர்கள் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பலாம் என்று சிலர் சொல்வார்கள், அவர் அதுவும் செய்யமாட்டார். ஆகையால் முதல் வருடத்திலிருந்தே நோன்பு மாதத்தில் உப்புப் பார்ப்பது நான். அதை லைவிலும் காட்டுவோம். தாச்சியைக் காட்டிவிட்டு அகப்பையை என் பக்கம் நீட்டி, "உப்பு காணுமா? புளி காணுமா?" என்று கேட்பார். நான் நக்கிப் பார்த்து, போதுமென்றால் "காணும் ராத்தா" என்பேன். ஒரு தடவை "சீனியை அள்ளிக் கொட்டிட்டீங்க, கல்யாண வீடா இது?" என்று லைவிலேயே சொல்லிவிட்டேன். அன்று வந்த ஓடருக்கு எங்களிடம் போத்தல் போதவில்லை. நான் வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள், அந்த வாயால்தான் அங்கே எனக்கு மரியாதை.

இந்த வருடம் மார்ச் 4ஆம் திகதி எனக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் படுத்திருந்துவிட்டு 8ஆம் திகதி வேலைக்குப் போனேன். அன்று காலை தேத்தண்ணீர் குடித்தபோது சுடுதண்ணீர் மாதிரி இருந்தது. மகள் சீனி போட்டதாகச் சொன்னாள். அதன் பின்னர் ஒரு விரல் உப்பை எடுத்து நாக்கில் வைத்தேன், மணலைத் தின்ற மாதிரி இருந்தது. உறைப்பு மட்டும் சுட்டது, மற்றது ஒன்றும் தெரியவில்லை. தினமும் காலையில் யாருக்கும் தெரியாமல் உப்பை வைத்துப் பார்ப்பேன். வீட்டில் கணவர் கறியைத் தள்ளி வைத்துவிட்டு, "என்னடி இது, கடல் தண்ணியில வச்சியா?" என்று கேட்டார். கவனமில்லாமல் போட்டுவிட்டேன் என்று அவரிடமும் பொய் சொன்னேன்.

கேள்வி: இதை ஷஹ்மாவிடம் ஏன் சொல்லவில்லை?

பதில்: பயம். நோன்பு மாதத்தில் என் நாக்குத்தான் என் வேலை. அது இல்லையென்று தெரிந்தால் வேறு ஆள் வைப்பார், அந்த ஆளுடைய பெயர் படிவத்தில் ஏறும் என்று நினைத்தேன். ராத்தா அப்படிச் செய்கிற ஆள் இல்லை. அது எனக்கு அன்றும் தெரியும். இருந்தும் நினைத்தேன். மற்றது, அவருடைய கை தவறாத கை. 8ஆம் திகதிக்குப் பிறகு மூன்று தடவை கிண்டினார், மூன்று தடவையும் ஒன்றும் தெரியாமலே "காணும்" என்றேன், மூன்றும் சரியாக இருந்தது. அதில் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

மார்ச் 14ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நான் வேலைக்குப் போனேன். முதல் நாள் பௌர்ணமி, போயா லீவு என்பதால் ஓடர்கள் குவிந்து கிடந்தன. வெங்காயம் வெட்டி, மாசிக் கருவாடு இடித்து, வதக்கி முடியப் பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. புளியையும் உப்பையும் ஒரே கோப்பையில் கரைத்து மூடி வைத்து, தாச்சியை இறக்குவதற்கு முன் ஊற்றிச் சுண்ட விடுவது ஷஹ்மா ராத்தாவின் வழக்கம். போத்தலில் சம்பல் கெடாமல் நிற்பது அந்தப் புளியாலும் உப்பாலும்தான். அவர் ஊற்றப் போகும் நேரத்தில் கோல் ஒன்று வந்தது. பெருநாளுக்கு ஆட்களுக்குக் கொடுக்க எண்பது போத்தல் வேண்டும் என்று கொழும்பிலிருந்து ஒரு கம்பனியில் கேட்டார்கள். அவர் முன் அறைக்குப் போய்ப் பேசிவிட்டு ஓடி வந்து, "அல்லாஹ்வே, அடி பிடிக்கப் போகுது" என்று தாச்சியை இறக்கினார். நான் போத்தல்களைக் காய வைத்துக்கொண்டிருந்தேன், புளி ஊற்றினாரா இல்லையா என்று கவனிக்கவில்லை.

அதன் பின்னர் இரண்டு மணிக்கு லைவ் போட்டார். "நோன்போட நிக்கிறன், அனுதான் பாத்துச் செல்லணும்" என்று சொல்லி அகப்பையை நீட்டினார். நான் வாயில் வைத்தேன், உறைப்பு சுட்டது. "நல்லா ஈக்கா? உப்பு புளி காணுமா?" என்று கேட்டார். "எல்லாம் காணும் ராத்தா, ஒரு குறையும் இல்ல" என்றேன். அந்த லைவ் இன்னும் பேஜில் இருக்கிறது, உத்தியோகத்தர் பார்க்கலாம். அதில் பேசுவது என் குரல்தான். ஆறிய பின் போத்தலில் அடைத்துப் பொதி கட்டினோம். ஐந்து மணிக்குக் கூரியர்க்காரர் வந்து முப்பத்தேழு பார்சல்களை எடுத்துச் சென்றார்.

ஆறு மணி போல் பாத்திரம் கழுவும்போது, அடுப்புக்குப் பக்கத்தில் தட்டால் மூடிய கோப்பை ஒன்றைக் கண்டேன். திறந்தால் புளித்தண்ணீர், நிறைய, அப்படியே இருந்தது. பார்சல்கள் அடுத்த நாள் காலை வரை கண்டியில் கூரியர்க்காரரின் ஸ்டோரில்தான் இருக்கும், ஒரு கோல் எடுத்தால் நிறுத்தலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் புளியும் உப்பும் இல்லாத சம்பலுக்கு எல்லாம் காணும் என்று எப்படிச் சொன்னாய் என்ற கேள்வி வரும். பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. ஷஹ்மா ராத்தா முன் அறையில் கணவருடன் நோன்பு திறக்க உட்கார்ந்தார். "அனு, கஞ்சி குடிச்சிட்டுப் போங்க" என்று அங்கிருந்து கூப்பிட்டார். நான் கோப்பையைச் சிங்க்கில் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, போய் உட்கார்ந்து கஞ்சி குடித்தேன்.

அதன் பின்னர் நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. தப்பித்துவிட்டேன் என்றுதான் இருந்தேன். 18ஆம் திகதி குருநாகலிலிருந்து ஒருவர், மூடியைத் திறந்ததும் நுரைத்துக்கொண்டு வந்தது என்று படம் அனுப்பினார். அதே நாள் மாலை பிலிமத்தலாவையில் சாஹுல் ஹமீது என்ற எழுபத்திரண்டு வயதுப் பெரியவர் நோன்பு திறந்து ரொட்டியோடு அந்தச் சம்பலைச் சாப்பிட்டு, வாந்தியும் வயிற்றோட்டமுமாய் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அவருக்கு ஏற்கெனவே சிறுநீரக வருத்தம் இருக்கிறதாம். அவருடைய மகன் ஜமால்தீன் போத்தலைப் படம் பிடித்துப் பேஜில் போட்டார், பின்னர் முறைப்பாடும் செய்தார். 20ஆம் திகதி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து மிச்சமிருந்த போத்தல்களை எடுத்துக்கொண்டு குசினிக்குச் சீல் வைத்தார்.

அந்த லைவை மறுபடி பார்த்த ஆட்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நோன்பாளிகளின் சாப்பாட்டுக்கு ஒரு தமிழ்ப் பெண்ணை உப்புப் பார்க்க வைத்தால் இப்படித்தான் என்றும், வேண்டுமென்றே செய்திருப்பாள் என்றும் கொமண்ட் வந்தது. என் மகளுடைய பள்ளிக்கூடத்தின் பெயரைக்கூட ஒருவர் எழுதியிருந்தார். அதை ஷஹ்மா ராத்தா எனக்கு முன்பே பார்த்திருக்கிறார். 21ஆம் திகதி அவர் இந்த நிலையத்துக்கு வந்து வாக்குமூலம் கொடுத்தார். 22ஆம் திகதி காலை எங்கள் வீட்டு வாசலில் நின்று என்னிடம், "லைவ் முடிஞ்ச பொறகு நானும் ஒரு கரண்டி முழுங்கிப் பாத்தன், சரியா இருந்திச்சி, அனுவில ஒரு குத்தமுமில்ல என்டு செல்லிட்டன். நீங்க வாயத் தொறக்க வாணாம். புள்ளய ரெண்டு நாளக்கி ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். என் நாக்குச் செத்ததும் நான் கோப்பையைக் கழுவியதும் அவருக்குத் தெரியாது. நான் ஏதோ கவனம் பிசகிவிட்டேன் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் சொன்னது எப்படியோ வெளியே போய்விட்டது. பிறகு ஆட்கள் என்னை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டார்கள். லைவில் நோன்பு, பொலிஸில் நோன்பில்லை, நோன்பைக் காட்டிச் சம்பல் விற்றவள் என்று எழுதினார்கள். மாதப் பொதி எடுக்கும் வீடுகளில் இருபதுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. என் கணவர், "அந்தம்மாவே ஏத்துக்கிட்டாங்க. நீ போய்ச் சொன்னா பேஜும் போகும், நீயும் உள்ள போவ, பிள்ளைய யாரு பாக்கிறது? பேசாம இரு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நானும் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்து பார்த்தேன்.

நேற்று 23ஆம் திகதி பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரியவரைப் பார்க்க உள்ளே விடவில்லை. அவருடைய மனைவி வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. இடம் விட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர்ப் போத்தலை எடுத்து என்னிடம் நீட்டினார், அவருக்கு நோன்பு. பின்னர் தன் கணவரைப் பற்றி, "எண்ட மாப்புள வருத்தத்தோடயும் ஒரு நோன்ப விடல்ல மகள். அந்தப் பொம்பிள வித்துத் திங்கிறதுக்காக நோன்ப முறிச்சிட்டு, லைவ்ல வந்து நடிச்சிருக்கா. அவள்ட நோன்ப அல்லாஹ் பாத்துக்குவான்" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து வந்துவிட்டேன், தண்ணீரைக் குடிக்கவில்லை.

கேள்வி: இதைச் சொல்வதால் உமக்கு எதிராக வழக்கு வரலாம் என்பது விளங்குகிறதா?

பதில்: விளங்குகிறது. பெரியவருக்கு ஏதும் நடந்தால் அதுவும் என் தலையில்தான் என்பதும் விளங்குகிறது.

கேள்வி: ஷஹ்மா உம்மை வற்புறுத்தி இதைச் சொல்ல வைத்தாரா?

பதில்: நான் இங்கே வந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒழுங்கையிலேயே மறித்திருப்பார். புளி ஊற்ற மறந்தது மட்டும்தான் அவர் பிழை. பகல் முழுக்கப் பட்டினியோடு அடுப்படியில் நின்றவருக்கு அது வரும், அதைப் பிடிக்கத்தான் நான் அங்கே இருந்தேன். அவருடைய வாக்குமூலத்தை வெட்டிவிடுங்கள் என்று கேட்டேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லி வெட்ட முடியாது என்று உத்தியோகத்தர் சொன்னார்.

கேள்வி: தாமே சுவைத்துப் பார்த்ததாக அவர் கையெழுத்திட்டுச் சொல்லியிருக்கிறார். அது பொய் என்பதற்கு உம்மிடம் என்ன ஆதாரம்?

பதில்: போத்தல்கள்தான் ஆதாரம். அவர் ஒரு கரண்டி வாயில் வைத்திருந்தால் உப்பு இல்லை, புளி இல்லை என்று அந்த நிமிடமே தெரிந்திருக்கும். ஒரு பார்சல்கூட வீட்டை விட்டுப் போயிருக்காது. முப்பத்தேழும் போனது. அவர் அன்று நோன்போடு இருந்தார், அதை எழுதுங்கள்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "கவனக்குறைவால் பார்சல்களை நிறுத்தத் தவறினேன்" என்று எழுதியிருந்தது. அதை வெட்டி, தெரிந்துகொண்டே நிறுத்தவில்லை என்று எழுதச் சொன்னேன். வெட்டிய இடத்திலும் கையெழுத்து வைத்தேன். மற்றபடி இதில் இருப்பது எல்லாம் நான் என் வாயால் சொன்னது, யாரும் சொல்லித் தந்ததில்லை, முழுக்க உண்மை.

(ஒப்பம்) த. அனுஷியா