இனிப்பு தூக்கல்

— அதுக்குன்னு கொதிக்கிற தண்ணியிலயே கிடக்க விடுவியா, சின்னவளே? தோல் உரிஞ்சா போதும், பாதாம் பருப்பு வேகக் கூடாது.

— வேகலக்கா. இப்பத்தான் இறக்கினேன். இதோ பாருங்க, நசுக்கினதும் வழுக்கிக்கிட்டு வருது.

— வருது, வருது. என் மூஞ்சிக்கே வருது.

— ஐயோ, கண்ணுல பட்டுடுச்சாக்கா?

— பட்டா உனக்கென்ன? நீதான் பாதி வீட்டைக் காலி பண்ணின மாதிரி நடக்கிறியே.

— எங்களுக்குன்னு இருக்கிறதே கூடத்துல ஒரு திரைச்சீலை. அதைக் காலி பண்ண வண்டியா வைக்கணும்? மடிச்சா கக்கத்துல அடங்கிடும்.

— என் கொழுந்தன் பூட்டு வாங்கி வச்சிருக்கானாமே.

— ஆமாக்கா. வேலை கிடைச்சா கேக் கடைக்காரம்மா கொடுக்கிறேன்ன மாடி ரூமுக்கு. கல்யாணமானதுல இருந்து திரைச்சீலையை இழுத்து விட்டே கை வலிக்குதாம். கதவுன்னு ஒண்ணு இருந்தா ஒரு தடவையாவது பூட்டிப் பார்க்கணுமாம்.

— அந்தம்மா இன்னும் வேலையே கொடுக்கல, அதுக்குள்ள பூட்டு. என்னத்தச் சொல்ல.

— நீங்க ஒரு வார்த்தை சொன்னா கொடுத்துடுவாங்க. புதுக் கடைக்கு ஆள் வேணும், உங்க ஓரகத்தி கை எப்படி, நீங்க சரின்னா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கிறேன்னு உங்ககிட்டத்தானே கேட்டாங்க?

— கேட்டாங்க. இன்னிக்குக் கேக்குக்குப் பாதாம் விழுது எப்படி வருதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்னு நானும் சொல்லியிருக்கேன். என் நாக்கை நம்பிக் கேக்கிறாங்க. தப்பாச் சொன்னா நாளைக்கு என் கேக்கை யார் வாங்குவா? சரி, நீ போய் அந்தக் கறியைக் கொஞ்சம் வாயில வச்சுப் பாரு. என்ன குறைன்னு நீயே சொல்லு.

— உப்பு ஒரு சிட்டிகை போடலாம்க்கா. மத்ததெல்லாம் சரியா இருக்கு.

— அதான் நானும் பார்த்தேன். உனக்குத் தெரியுதான்னு கேட்டேன்.

— தினமும் பரீட்சைதான். பாஸ் பண்ணினதா மட்டும் சரித்திரம் இல்ல.

— வாய் மட்டும் குறைச்சல் இல்ல. பருப்பைத் துணியில ஒத்தி எடுத்தியா? ஈரத்தோட ஜார்ல போட்டா கூழாயிடும்.

— ஒத்தியாச்சு. அக்கா, இது எந்தக் கடைப் பருப்பு? சிலது குட்டையா, வாலு கூரா இருக்கே.

— பழைய கடை மூடிக் கிடக்கு. முனையில புதுசா ஒருத்தன் வச்சிருக்கான், அவன்கிட்ட வாங்கினேன். பருப்புக்குப் பருப்பு ஜாதகமா பார்க்க முடியும்? இப்பவே சாக்கு தேடாதே. அரை.

— அரைக்கிறேன்.

— விட்டு விட்டு ஓட்டு. ஜார் சூடாச்சுன்னா எண்ணெய் கக்கிடும்.

— தெரியும்க்கா. சக்கரைத் தூளும் கொட்டிட்டேன், நீங்க அளந்து வச்ச அதே கிண்ணம். பன்னீர் ரெண்டு சொட்டு. இன்னிக்கு வாசனை என்னமோ தூக்குதுல்ல? பன்னீரையும் மீறிக்கிட்டு வருது.

— ம்... ஆமா, ஆமா. நல்ல வாசனைதான்.

— அது சரி, இங்க என்ன தீயுது?

— ஒண்ணும் தீயல. ஓட்டு நீ.

— அக்கா, பால்! அடிப்பிடிச்சுக் கரியா நாறுது. பக்கத்துலயேதானே நிக்கிறீங்க?

— மூக்கடைப்பு எனக்கு. அணைச்சுட்டேன், விடு. விழுதை வழிச்சுத் தட்டுல போடு.

— போட்டாச்சு. இன்னிக்கு உருட்டினா கையில ஒட்டவே இல்ல பாருங்க.

— பார்வைக்கு நல்லாத்தான் இருக்கு. நீ வாயில வச்சுப் பார்த்தியா?

— இல்ல.

— பார்த்துட்டுச் சொல்லு.

— மாட்டேன்க்கா.

— என்னது?

— எப்பவும் என்னைத்தான் முதல்ல கேக்கிறீங்க. நான் ஒண்ணு சொல்வேன், அதையே பிடிச்சுக்கிட்டு, அதான் நானும் பார்த்தேன், கை சரியில்லன்னு ஆரம்பிப்பீங்க. இன்னிக்குப் பரீட்சை எனக்கு. விடையை நானே எழுதிக் கொடுக்க மாட்டேன். நீங்க சொல்லுங்க.

— திமிரு.

— திமிரு இல்லக்கா, பயம். அவர் பூட்டைக் கையில வச்சுக்கிட்டு அங்க வாசல்ல உட்கார்ந்திருக்காரு. உள்ள வந்தா சகுனம் கெட்டுடுமாம். போன மழைக்கு முன்னாடி வரைக்கும் நான் செஞ்சா நல்லா இருக்குடின்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்புறம்தான் என் கைக்கு என்னமோ ஆச்சு. என்ன ஆச்சுன்னு இன்னிக்காவது தெரியட்டும்.

— சரி, கொடு இப்படி.

— இந்தாங்க.

— ம்.

— என்னக்கா? சப்புக் கொட்டிட்டு சும்மா நிக்கிறீங்க?

— இரு, அவசரப்படுத்தாதே. ம்... அதேதான். இனிப்பு தூக்கல்.

— நீங்க அளந்த சக்கரைக்கா.

— அளந்தது நான், கலந்தது நீ. இனிப்பு தொண்டையில போய் நிக்குது. போனை எடு.

— இன்னொரு வாய் பார்த்துட்டு...

— எடுன்னேன். ஹலோ, நான்தாம்மா... ஆமா, இப்பத்தான் வாயில வச்சேன்... இல்லம்மா, இன்னும் பக்குவம் வரல. ஒரு நாள் இருக்கிற மாதிரி ஒரு நாள் இருக்காது. கை தாராளம், இனிப்பு தூக்கிடுது... சொந்தம்னு பார்த்தா முடியுமா, உங்க கடை பேராச்சே... ஓ, வேற பொண்ணு வந்து உட்கார்ந்திருக்காளா? அப்ப அவளையே வச்சுக்குங்க. ஆமா, இப்பவே சாவியைக் கொடுத்துடுங்க. வைக்கிறேன்.

— முடிஞ்சுதாக்கா?

— உன் நல்லதுக்குத்தான். இன்னும் கொஞ்ச நாள் என்கூட நின்னு பழகிக்கோ.

— அந்தத் தட்டைக் கொடுங்க.

— எதுக்கு? எடுத்து மூடி வை.

— ஒரு ரூம் போயிருக்கு. எவ்வளவு தூக்கல்னு நானும் தெரிஞ்சுக்கறேன்... தூ! ஐயோ, தூ!

— என்னடி, என்ன?

— தண்ணி... தண்ணி கொடுங்க. அக்கா, இது கசக்குது.

— கசக்குதா?

— விஷமாக் கசக்குது. பருப்புல கசப்புப் பாதாம் கலந்திருக்கு. அந்தக் கூர்வாலு... அதான் அப்படி வாசனை தூக்கியிருக்கு. நீங்க விழுங்கிட்டீங்களா? வாயைக் கொப்பளிங்க முதல்ல. இதைப் போய் எப்படிக்கா சப்புக் கொட்டி...

— நீ முதல்ல தண்ணியைக் குடி.

— அக்கா. என்னைப் பாருங்க. பால் தீய்ஞ்சது தெரியல. கறிக்கு உப்பு என்கிட்ட கேட்டீங்க. அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் சோத்தைத் தொடாம தண்ணியைக் குடிச்சே எழுந்து போனாரு, உப்பு அள்ளிக் கொட்டிட்டேன்னு என்னைத்தான் திட்டினீங்க. எத்தனை நாளா உங்களுக்கு நாக்குல எதுவும் தெரியல?

— மெதுவாப் பேசு. வாசல்ல கேக்கும்.

— எத்தனை நாளா?

— போன மழையில வந்த அந்தக் காய்ச்சல்ல இருந்து. சக்கரையும் மண்ணும் எனக்கு ஒண்ணுதான். திரும்ப வரும், வரும்னு இருந்தேன்.

— அப்ப என் கைக்கு ஒண்ணும் ஆகலையா?

— ஆகலடி. உன் கை நல்ல கை.

— ராத்திரி அவர்கிட்ட அழுவேன்க்கா, எனக்கு இதுகூட வரலையேன்னு. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் உங்களுக்குக் கேட்டிருக்குமே.

— கேட்டுது. நல்லா இருக்குன்னு சொல்லி உன்னை அனுப்பிட்டா, இந்த அடுப்புல நான் என்ன பண்ணுவேன்? கேக்குன்னு வர்ற அத்தனை பேரும் என் நாக்குன்னு நினைச்சு உன் நாக்கைத்தான் வாங்கிக்கிட்டு இருக்காங்க. நீ போனா நான் வெறும் கட்டை.

— இதை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே தினமும் வந்து பார்த்துக் கொடுத்திருப்பேன். ரெண்டு தெரு தள்ளித்தானே அந்தக் கடை.

— கேக்க வாய் வரல. மறுபடி போன் பண்ணட்டுமா?

— சாவியைக் கொடுக்கச் சொன்னீங்களே. போன்ல பண்ணினது போதும்.

— எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதே. இன்னிக்கு மேலதிகாரியைச் சாப்பிடக் கூட்டிட்டு வர்றாரு. என் கைப்பக்குவத்தை ஆபீஸ் பூராவும் பெருமை பேசியிருக்காரு.

— சொல்லல.

— பதட்டத்துல கறியில மறுபடி உப்பு போட்டேனான்னு தெரியல. ஒரு வாய் பார்த்துச் சொல்லுடி, என் கண்ணு இல்ல?

— கரண்டியைக் கொடுங்க.

— எப்படி இருக்கு?

— சரியா இருக்குக்கா. எல்லாம் அளவா இருக்கு. அந்தத் தண்ணியை மட்டும் இன்னொரு வாய் கொடுங்க.

— நிஜமாத்தான் சொல்றியா?

— இவ்வளவு நாள் நீங்க சொன்னதை நான் நம்பலையாக்கா?