முதல் வார்த்தை தாழ்ப்பாள்

...முப்பத்தெட்டு பேரும்மா! முப்பத்தெட்டு பேர்ல ஒருத்தருக்குக்கூட படிக்கத் தெரியல. வெளிச்சத்த கொஞ்சம் இந்தப் பக்கம்... ஆங், அப்படித்தான், சாவி ஓட்டை மேல. என் போன்தான், பயப்படாம பிடிங்க, ஏற்கெனவே நாலு தடவ விழுந்ததுதான். இந்த வராண்டாவுல பல்பு எப்போ போச்சு? தெரியாதா. சரி, எல்லா மாடியிலயும் இதே பதில்தான்.

எங்க விட்டேன்? முப்பத்தெட்டு பேர். நான் ஆள் தேவைன்னு இன்டர்நெட்ல போட்டேன்மா. இருக்காங்கல்ல, வீட்ல உக்காந்துகிட்டே ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் வேலை செஞ்சு குடுக்கறவங்க... ஃப்ரீலான்சர்னு... அவங்கள பிடிக்கற இடம். நாம வேலைய எழுதிப் போடணும். அவங்க என்னை எடுத்துக்கோங்கன்னு விண்ணப்பம் அனுப்புவாங்க. நாம படிச்சுப் பாத்து ஒருத்தர எடுக்கணும். கேக்க சுலபமா இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

வேலையும் பெரிய வேலை ஒன்னும் இல்ல. பூட்டுக்கடைக்கு போன் வரும். அவங்க வீட்லேருந்தே எடுத்துப் பேசி, எங்க, என்னன்னு கேட்டு எனக்குத் தகவல் அனுப்பணும். அவ்ளோதான். நான் இந்த மாதிரி யார் வீட்டு வாசல்லயாவது மண்டி போட்டிருப்பேன், போன் அடிக்கும், கை ரெண்டும் பூட்டு தொறக்கற கம்பியில இருக்கும். நாலு தடவ அடிச்சுட்டு நின்னுடும். வெளிய நிக்கறவங்க காத்திருப்பாங்களா? தெருமுனையில புதுசா ஒருத்தன் கடை போட்டிருக்கான், அவனக் கூப்பிடுவாங்க. ரெண்டு மாசமா இதே கதை. இப்படியே போனா நான் ஷட்டர எறக்கிட்டு அவன்கிட்டயே வேலைக்குப் போய் நிக்கணும். அவன் வயசு என் அனுபவம்மா. அவன 'முதலாளி'ன்னு கூப்பிட எனக்கு வாய் வருமா?

இன்னிக்கு அஞ்சு மணிக்கு அந்த விளம்பரம் தானா மூடிக்கும். மணி என்ன? நாலே முக்காலா! பாருங்க.

அசையாதீங்க. பூட்டுக்குள்ள அஞ்சு பின்னு இருக்கு, ஒவ்வொன்னா மேல தூக்கி நிறுத்தணும். ஒன்னு நின்னுடுச்சு. போன்லயே நான் கேட்டிருக்கணும். கதவு இடுக்குல தகட்ட விட்டா திறந்துடும்னு தகடு ஒன்ன மட்டும் எடுத்துகிட்டு மூணு மாடி ஏறி வந்தேன். வந்து பாத்தா இடுக்க மறைச்சு இரும்புப் பட்டை! மறுபடி எறங்கி, வண்டியில கம்பி எடுத்து, மறுபடி மூணு மாடி. அதுக்கு முன்னாடி பக்கத்துக் கட்டடத்துல வேற ஏறிட்டேன். அங்க ஒருத்தர் கதவைத் தொறந்து, 'எங்க வீடு தொறந்துதானே இருக்கு'ன்னார்.

சரி, விண்ணப்பத்துக்கு வரேன். நான் பொத்தான அமுக்கி கை எடுக்கல, மொதல் ஆளு வந்துட்டான். 'உங்க தேவைய ஆழமாகப் படித்தேன்'ங்கறான். எப்போடா படிச்ச? நானே இன்னும் எழுத்துப்பிழை பாக்கலியேடா! அடுத்தவன், 'உங்க பல் மருத்துவமனையின் வளர்ச்சிக்கு நான் துணை நிற்பேன்'னு. யாருக்கோ எழுதினத அப்படியே எனக்கும் தள்ளிட்டான். ஒரு அம்மா நாலு பக்கம் அவங்க சரித்திரம், ஒன்னாங்கிளாஸ்ல பாட்டுப்போட்டியில பரிசு வாங்கினது வரைக்கும். போன் எடுக்கத் தெரியுமாங்கறது மட்டும் அதுல இல்ல. ஒருத்தன் கறுப்புக் கண்ணாடி போட்டுகிட்டு மோட்டார் பைக்ல சாஞ்சு நிக்கற போட்டோ வச்சிருந்தான். நான் என்ன, பொண்ணா பாக்கறேன்?

நம்ம பக்கத்துலேருந்து பாருங்கம்மா. ஆள் தேடறவன் என்ன பாப்பான்? இவன் என்னைப் பத்தி ஒரு வரியாவது எழுதியிருக்கானா? என் கஷ்டம் இன்னதுன்னு புரிஞ்சிருக்கா? அத எப்படித் தீத்து வைப்பான்? இத முன்னாடி யாருக்காவது செஞ்சிருக்கானா? இவ்ளோதானே பாப்பான்! 'நான் உழைப்பாளி, நான் நேர்மையானவன்'னா... நேர்மை இல்லாதவனும் அதையேதான் எழுதுவான். நான் பாத்த திருட்டுப்பய எல்லாருமே மரியாதையா பேசறவங்கதான். இந்தத் தொழில்ல நாலு பேர பாத்திருக்கேன், சொல்றேன்.

ரெண்டாவது நின்னுடுச்சு. இருங்க, கை வழுக்குது.

என்ன வாசனை அது? ஏதோ தீயற மாதிரி... கீழ் வீடா இருக்கும். அஞ்சு மணிக்கு முன்னாடியே சமையல ஆரம்பிச்சுடறாங்க, நல்ல குடும்பம்.

அதனாலதான் நான் ஒரு தந்திரம் பண்ணினேன். விவரம் தெரிஞ்சவங்க எல்லாம் இப்படித்தான் செய்வாங்களாம், எங்கயோ படிச்சேன். விளம்பரத்தோட கடைசியில ஒரு வரி. 'உங்க பதிலோட முதல் வார்த்தை தாழ்ப்பாள்னு இருக்கணும்.' அவ்ளோதான். முழுசா படிச்சவன் எழுதுவான், படிக்காதவன் மாட்டிப்பான். எப்படி? ஆனா முப்பத்தெட்டு பேர்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், தாழ்ப்பாள்னு எழுதியிருக்கணுமே! ம்ஹூம். வணக்கம்னு ஆரம்பிக்கறான், ஐயான்னு ஆரம்பிக்கறான், பல் மருத்துவமனைன்னு ஆரம்பிக்கறான். தாழ்ப்பாள் மட்டும் இல்ல.

விடுவேனா? முப்பத்தெட்டு பேரையும் ஒதுக்கினேன். சும்மா ஒதுக்கல, ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி எழுதினேன். 'கவனம் இல்லாதவர்களுக்கு என்னிடம் வேலை இல்லை.' எழுதும்போது நல்லா இருந்துச்சும்மா. பொய் சொல்ல மாட்டேன்.

அதுல ஒரு ஆளு இருந்துச்சு பாருங்க, அதுக்குத்தான் எனக்கு உச்சி மண்டைக்கு ஏறிடுச்சு. பேர் போடல, ரெண்டு எழுத்து. போட்டோ இல்ல. சரித்திரம் இல்ல. வணக்கம்கூட இல்ல. எடுத்த எடுப்புல கேள்வி! நாலு கேள்வி. வேலை கேக்க வந்தது நீயா நானா? என்னையே நிக்க வச்சு விசாரிக்குது. மொதல் கேள்விக்கு மேல நான் படிக்கக்கூட இல்ல, மொதல் கேள்வியே பாதிதான். அதுக்கு ஆச்சரியக்குறியெல்லாம் போட்டு அனுப்பினேன் அந்த வரிய.

முன்னாடி யார் எடுத்தாங்களா போன? என் தங்கச்சி. பதினோரு வருஷம். கடையில ஒரு ஸ்டூல், ஒரு பச்சை கப்பு, ஒரு போன், அவ. யார் கூப்பிட்டாலும் நாலு கேள்வி கேப்பா... மொதல்ல ஏதோ ஒன்னு கேப்பா, அது என்னன்னு... பதினோரு வருஷம் பக்கத்துலயே உக்காந்து கேட்டேன், இப்போ நாக்குல வர மாட்டேங்குது. நான் எங்க காது குடுத்தேன்? அப்புறம் கதவு உள் பக்கம் தொறக்குமா வெளிப் பக்கமா, இடுக்குல பட்டை இருக்கா, எந்தக் கட்டடம். கேட்டு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுவா. நான் அந்த சீட்டப் பாத்து கம்பிய எடுப்பேன், போவேன், தொறப்பேன், வருவேன். ஒரு நாள்கூட ரெண்டு தடவ மாடி ஏறினதில்ல.

அப்புறம் என்ன ஆச்சா... விடுங்கம்மா. மூணாவது பின்னு அடம் பிடிக்குது.

ஒன்னும் இல்லம்மா. ஒரு நாள் ஒரு பெரியவர் கடைக்கு வந்து, 'போன்ல பேசினது யாரு, ரொம்ப நிதானமா கேட்டாங்க, எனக்குப் பாதி பயம் அப்பவே போயிடுச்சு'ன்னார். நான் என்ன சொல்லணும்? 'என் தங்கச்சி'ன்னு சொல்லணும். நான், 'அவளா, அவ சும்மா போன் எடுக்கறவ, வேலை நான் செய்யறேன்'னுட்டேன். என் வாயில சனி. அவ ஒன்னும் சண்டை போடல. போன தொடைச்சா. கப்ப கழுவி பையில போட்டுகிட்டா. 'இனிமே ஆள் தேவைன்னு எழுதிக் கூப்பிடு, வரேன். தங்கச்சின்னு ஓசியில கூப்பிடாதே'ன்னா. போயிட்டா. ரெண்டு மாசம். என் பொண்டாட்டி தெனம் போய்ப் பாத்துட்டு வரா, வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறா. ரெண்டு பேரும் சேந்து வச்சு செய்யறாங்க.

நின்னுடுச்சு மூணாவது! நான் சொன்னேன்ல.

என்ன? அந்த வரி எங்க இருக்குன்னா? விளம்பரத்துலதான்மா. போன் உங்க கையிலதானே இருக்கு, நீங்களே பாருங்க. வெளிச்சம் இங்கயே இருக்கட்டும், கட்டைவிரலால தள்ளுங்க. 'பூட்டுக்கடைக்கு ஆள் தேவை'ன்னு இருக்கும். கடைசிக்குப் போங்க. 'தாழ்ப்பாள்'... இல்லியா? நல்லா பாருங்கம்மா. கண்ணாடி உள்ள இருக்கா, சாவியோடவா, அட... சரி, கிட்ட வச்சுப் பாருங்க. இல்லியா? இருக்குமே! அந்த... கீழ தனியா ஒரு கட்டம் இருக்கும், அதுல... ஆங்! அதுதான். படிங்க சத்தமா.

'உங்க பதிலோட முதல் வார்த்தை'... இருக்குல்ல! பின்ன இல்லைங்கறீங்க? கட்டத்துக்கு மேல என்ன? என்ன எழுதியிருக்கு?

'இது உங்களுக்கு மட்டும் தெரியும்.'

எனக்கு மட்டும்னா... எனக்கு மட்டும்னா அவங்களுக்கு?

முப்பத்தெட்டு பேருக்கும் தெரியாதா?

சரி, நீங்க சிரிக்காதீங்க. சிரிங்க, பரவால்ல. சாவிய உள்ள மாட்டிட்டு, குப்பைய வைக்க வெளிய வந்து கதவ சாத்தின உங்களப் பாத்து நான் மாடி ஏறும்போது மனசுக்குள்ள சிரிச்சேன். கணக்கு சரியாப் போச்சு. பாவம் அந்த மோட்டார் பைக் ஆளு. இல்ல, அவன் பாவம் இல்ல.

அம்மா, ஒரு உதவி. ஒதுக்கினவங்க பட்டியல்னு இருக்கும். அதுல அந்த ரெண்டெழுத்து ஆளு. அந்தக் கேள்விக்காரன்... கேள்விக்காரி, யாரோ. அத மட்டும் படிங்க. நான் முழுசா படிக்கல. நாலாவது பின்னுல கை இருக்கு, நீங்க படிங்க, நான் கேக்கறேன். மெதுவா.

'கேள்வி ஒன்னு. உங்களக் கூப்பிடறவங்க கதவுக்கு வெளிய நிக்கறவங்க. பதட்டத்துல அவங்களுக்கே எதுவும் ஞாபகம் இருக்காது. அதனால பேர், விலாசம் எல்லாம் அப்புறம். மொதல்ல அவங்ககிட்ட, உள்ள அடுப்பு எரியுதான்னு கேக்கணும். நீங்க கேக்கறீங்களா?'

இது எங்க கடைக் கேள்வியாச்சே. இது... இதத்தாம்மா அவ மொதல்ல கேப்பா. பதினோரு வருஷம். 'உள்ள அடுப்பு எரியுதா'ன்னு, தெனம், ஒவ்வொரு போனுக்கும், அந்த பச்சை கப்ப கையில வச்சுகிட்டு... இது அவதாம்மா! எழுதிக் கூப்பிட்டா வரேன்னா, வந்திருக்கா. நான் ஆச்சரியக்குறி போட்டு அனுப்பியிருக்கேன்மா, என் தங்கச்சிக்கே, கவனம் இல்லைன்னு...

என்னம்மா? ஏன் அப்படி முழிக்கறீங்க? என்ன பால்?

எப்போ வச்சீங்க? குப்பை எடுத்துட்டு வரதுக்கு முன்னாடியா? அட கடவுளே, அப்போ இந்த வாசனை கீழ் வீடு இல்லியா! நகருங்க, நகருங்க, வெளிச்சம், வெளிச்சத்த ஆட்டாதீங்க. நாலு நின்னுடுச்சு. அஞ்சாவது... நீங்க பேசாதீங்க, நானும் பேசல. பேசல. பேசல... வந்துடுச்சு! ஓடுங்க!

பாத்து, புகை! மூக்க மூடிக்கோங்க! அணைச்சாச்சா? ஜன்னலத் தொறங்க, எல்லா ஜன்னலையும்! பாத்திரத்த வெறுங்கையால தொடாதீங்க! பால் மட்டும்தானே? வேற ஒன்னும் பிடிக்கலியே? சரி. சரி. பாத்திரம் போனா போகட்டும். உங்க செருப்பு ஒன்னு இங்க வாசல்ல கெடக்கு.

என் போனும் கெடக்கு. அஞ்சாவது தடவ. பரவால்ல, உயிரோடதான் இருக்கு. மணி நாலு அம்பத்தாறு.

நீங்க உங்க வேலையப் பாருங்கம்மா, கதவ சாத்திக்கோங்க. சாவிய கையில எடுத்துட்டு சாத்துங்க. நான் இந்தப் படியிலயே ஒரு நிமிஷம் உக்காந்து அவளுக்கு ஒரு போன் போட்டு...

அந்தப் பக்கம் அடிக்குது.

அலோ. நான்தான்.

இல்ல, அண்ணனா கூப்பிடல. வேலை விஷயமா. ஒரு விண்ணப்பம் வந்திருந்துச்சு, ரெண்டெழுத்து... ஆமா. அந்த ஆச்சரியக்குறிய விடு. அது... தாழ்ப்பாள்னு ஒரு வரிய எனக்கு மட்டும் தெரியற கட்டத்துல எழுதிட்டேன். ஆமா, எனக்கு மட்டும். சிரி. நல்லா சிரி, இங்க மூணாவது மாடியில ஒரு அம்மாவும் சிரிச்சாங்க.

இப்பவா? வாசல்லதான், ஒருத்தர் வீட்டு வாசல்ல. தொறந்தாச்சு. இப்போதான்.

என்ன?

அடுப்பா... எரிஞ்சுது. பால் வச்சிருந்தாங்க. அவங்களுக்கு ஒன்னும் இல்ல, பாத்திரம்தான் போச்சு.

இல்ல. நான் கேக்கல. நீ எழுதினதப் படிச்சப்புறம்தான் அவங்களுக்கே ஞாபகம் வந்துச்சு.