தலையில்லாத துரையின் சந்தை நிலவரம்

2025 ஒக்டோபர் 12, ஞாயிறு.

வெள்ளிக்கிழமைக் குறிப்பில் ஒரு சிறு பிழை. எங்கள் பேய் விளையாட்டை எழுபது பேர் விளையாடுகிறார்கள் என்று எழுதியிருந்தேன். எழுபது பேருடைய போனில் அது இருக்கிறது என்பதே சரி. விளையாடுவது அதைச் செய்த ஜொனியும் நானும்தான்.

அந்தப் போன்களில் ஏற்றியது நான். ஹாலிஎலயில் புவாத் நானாவின் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். எங்கள் தோட்டத்து ஆட்கள் திருத்தக் கொண்டுவரும் போன்களில் ‘தலையில்லாத துரை’யையும் சேர்த்து அனுப்புவேன். அதற்குத் தனிக் கூலி வாங்கவில்லை.

இந்த விளையாட்டு நம் நாட்டில் எப்படிப் போகும் என்று பதுளையில் நான் படிக்கும் சந்தைப்படுத்தல் மாலை வகுப்புக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். வகுப்பு எடுக்கும் ஜுனைதீன் சேர் முதல் நாளே சிரித்தார்.

“சின்ன நாடு மகள். இங்க கரண்ட் பில்லுக்கு மேலயா பேய் பயங்காட்டப் போகுது?”

அவர் சொன்னது சரியாக இருக்கலாம். என் மேல் எனக்கே அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அதனால்தான் சோதித்துப் பார்த்தேன்.

விளையாட்டைத் திறக்கச் சொல்லி ஒரு நினைவூட்டல் போகும். அதன் சத்தமாக, காலையில் ஆட்களைப் பேர் பதியும் பெரட்டுக்குக் கூப்பிடும் தோட்டத்து மின்சாரச் சங்கைப் பதிந்து வைத்தேன். இன்று மாதா கோயிலில் பாதிப் பூசையில் எல்லாப் போன்களும் ஒன்றாக ஊதின.

சங்கு கேட்டால் எங்கள் ஆட்கள் ஓடுவார்கள். எங்கிருந்து ஊதுகிறது என்று பார்ப்பதில்லை. போனைக் கையில் பிடித்திருந்தவர்களும் ஓடினார்கள். திரையில் ‘துரை உங்களைத் தேடுகிறார்’ என்று வாசித்தவர்கள், தோட்டத்து மேலாளர் துரைதான் தேடுகிறார் என்று நினைத்து, இன்னும் வேகமாக ஓடினார்கள். ஞாயிறு வேலைக்கு ஒன்றரை நாள் சம்பளம் என்பதால் யாருக்கும் கோபமில்லை. பெரட்டுக் களத்தில் றீட்டா அக்கா பட்டுச் சேலையோடு முன்னால் நின்றார்.

“சங்கு ஊதுனா பேர் போடணும்ங்க ஐயா. வேல இருக்கோ இல்லையோ, நாங்க வந்துட்டோம்ல.”

கணக்கப்பிள்ளை ஐயா, சங்கு ஊதும் அழகர் அண்ணனைத் தேடினார். அவரும் ஓடித்தான் வந்திருந்தார், பாதித் தலை மட்டும் முடி வெட்டியபடி.

“நான் ஊதலங்க ஐயா. முடி வெட்டிக்கிட்டு இருந்தேன். மண்டையப் பாருங்க.”

“மண்டையத்தான் பாக்குறேன். சங்கு ரூம் சாவியக் குடுத்துட்டு வீட்டுல இரு.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்ல வாயெடுத்தேன். அப்போது, எத்தனை பேர் விளையாட்டைத் திறந்தார்கள் என்று காட்டும் கணக்கை என் போனில் பார்த்தேன். துரை எதற்குத் தேடுகிறார் என்று அறிய, காத்து நின்ற நேரத்தில் அநேகமாக எல்லோரும் விளையாட்டைத் திறந்திருந்தார்கள். சங்குக்கும் அதற்கும் யாரும் முடிச்சுப் போடவில்லை.

ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு எழுதக் கூடாது என்று சேர் சொல்லியிருக்கிறார். அது நியாயம். ஆகவே பின்னேரம் மறுபடியும் ஊதவிட்டேன். சாவி ஐயாவிடம் இருந்ததால் அழகர் அண்ணன் மேல் பழி வராது என்று கணித்திருந்தேன். கணிப்பு தவறிவிட்டது. “களவா இன்னொரு சாவி செஞ்சு வச்சிருக்கான்” என்று அவரை வேலையிலிருந்தே நிறுத்திவிட்டார்கள்.

அவருடைய மனைவி லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார். அழுததால் விளையாட்டைத் திறக்கவில்லை. அவரை அறிக்கையில் சேர்க்கவில்லை.

அழகர் அண்ணன் நல்ல மனிதர். அவர் போனில் மட்டும் விளையாட்டு இன்னும் இல்லை. இனிப் பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பார்.

நாளை செய்ய வேண்டியது: கடைக்குப் போகுமுன் அவர் வீட்டுக்குப் போய், அவர் போனில் விளையாட்டை ஏற்றிக் கொடுப்பது. உண்மையை, அவர் விளையாடிப் பார்த்த பிறகு சொல்வது.