ஒப்பந்தத்தில் வெண்ணெய் இல்லை

— டெனிஷிலை சொல்லக் கஷ்டமெண்டால் தமிழிலையே சொல்லுங்கோ அங்கிள். நானும் தமிழ்தான், பேர் மேனுஜா. ஆனா நாங்கள் கதைக்கிறதெல்லாம் பதிவாகும்.

— நல்லாப் பதியட்டும், பிள்ளை. நாப்பது நிமிசமா உங்கடை ஃபோன் கொம்பனிப் பாட்டைக் கேட்டுக்கொண்டு நிக்கிறன். என்ரை பேர் றொபேட். சில்க்போர்க்கிலை வயோதிபர் இல்லத்திலை வேலை. இது என்ரை மனுசியின்ரை ஃபோன். என்ரை ஃபோன் செத்துப்போச்சு.

— எப்பிடி நடந்தது அங்கிள்?

— இல்லத்திலை இங்கர் எண்டு ஒரு மனுசி. தொண்ணூத்திமூண்டு வயசு, மறதி வருத்தம். காலமைச் சாப்பாட்டு நேரம் ஃபோனை மேசையிலை வச்சிட்டு, பக்கத்துக் கிழவருக்குக் குளிசை குடுக்கத் திரும்பினன். பிறகு பாக்கிறன், மனுசி அதைக் கறுப்புப் பாண் எண்டு நினைச்சு, வடிவா வெண்ணெய் பூசி, மேலை ஈரல் பேஸ்ற்றும் வச்சு, கத்தியாலை ரெண்டா வெட்டுது.

— வெட்டினவவோ?

— சும்மா சொல்லப்படாது, கையிலை நல்ல பெலன். கண்ணாடியிலை நீட்டுக்கு ஒரு கீறல். சார்ஜ் போடுற ஓட்டைக்குள்ளை வெண்ணெய். அதோடை கறுத்ததுதான். பாண் காய்ஞ்சுபோச்செண்டு எனக்குத்தான் பேச்சும் விழுந்தது.

— ஓகே. உங்களுக்குக் காப்புறுதி இருக்கு. படிவத்தைப் பாக்கிறன்… கீழை விழுந்தால் இருக்கு. தண்ணி பட்டால் இருக்கு. களவு போனாலும் இருக்கு. வெண்ணெய் இல்லை.

— வெண்ணெய் உருகினால் தண்ணி மாதிரித்தானே?

— உருகிப் பட்டதோ, கட்டியாப் பட்டதோ?

— கட்டியாத்தான். ஃபிரிட்ஜிலையிருந்து அப்பதான் எடுத்தது. பொய் சொல்லமாட்டன்.

— அப்ப, "வேறொராள் வேணுமெண்டு செய்த சேதம்" எண்டு போடலாம். அதுக்குப் பொலிஸ் முறைப்பாடு வேணும்.

— ஆருக்கு எதிரா?

— இங்கருக்கு எதிரா.

— பிள்ளை, அந்த மனுசிக்குக் காலிலை சொக்ஸ் போட்டுவிடுறது நான். காலமை சொக்ஸைப் போட்டுவிட்டுட்டு, மத்தியானம் பொலிசிலை போய் நிக்கட்டோ?

— விளங்குது அங்கிள்.

— அப்ப ஒப்பந்தத்தை முறிச்சு விடுங்கோ, வேறை இடத்திலை வாங்கிறன். நான் நிரந்தர ஆள் இல்லை. ஆராவது வராட்டித்தான் என்னைக் கூப்பிடுறவை. மூண்டு தரம் பதில் இல்லையெண்டால் பட்டியலிலையிருந்து பேரை எடுத்துப்போடுவினம். ரெண்டு தரம் தவறீட்டுது.

— இன்னும் பதினெட்டு மாசம் கிடக்கு. முறிக்கிறதெண்டாலும் நீங்கள்தான் ஆப்புக்குள்ளை போய் உறுதிப்படுத்தவேணும்.

— ஆப் எங்கை?

— உங்கடை ஃபோனிலை.

— ஃபோன் எங்கை?

— ஓம்… அது உடைஞ்சிருக்கு.

— வேறை வழியே இல்லையோ?

— ரெண்டு இருக்கு. ஒண்டு, ஒப்பந்தம் போட்டவர் இறக்கவேணும்.

— மற்றது?

— நாட்டை விட்டு ஒரேயடியாப் போகவேணும். அதுக்கு நகரசபைக் கடிதம் காட்டவேணும்.

— முப்பத்துநாலு வருசம் இந்த நாட்டிலை. பஸ்ஸிலையும் கேட்டிருக்கிறன், தெருவிலையும் கேட்டிருக்கிறன். திரும்பிப் போ எண்டு இவ்வளவு மரியாதையா ஒருத்தரும் சொன்னதில்லை.

— சொறி அங்கிள். எழுதியிருக்கிறதைத்தான் நான் வாசிக்கிறன்.

— தெரியும் பிள்ளை. உங்கடையும் வேலைதானே.

— ஒண்டு கேக்கட்டோ? அந்த நேரம் ஃபோன் மேசையிலையிருந்து கீழை விழேல்லையோ?

— விழேல்லை. நான்தான் எடுத்துத் துடைச்சனான்.

— துடைக்கேக்கை?

— ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போற ஆள் நான். விழாததை விழுந்ததெண்டு சொல்லமாட்டன்.

— சரி. இப்ப அது எங்கை?

— கையிலை.

— இருக்கிறியளோ, நிக்கிறியளோ?

— நிக்கிறன். குசினியிலை.

— நிலம் பலகையோ, கல்லோ?

— கல்லு. ஏன் பிள்ளை?

— ஒண்டுமில்லை. வெண்ணெய் பட்ட சாமான், எவ்வளவு துடைச்சாலும் கையிலை நிக்காது அங்கிள். வழுக்கும்.

— இல்லைப் பிள்ளை, நான் இறுக்கித்தான் பிடிச்சிருக்கிறன்.

— இறுக்கிப் பிடிச்சாலும் வழுக்கும்.

— கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை.

— இன்னும் வழுக்கேல்லையோ?

— வழுக்கீட்டுது, பிள்ளை.

— இப்ப முறைப்படி கேக்கிறன். உங்கடை ஃபோனுக்கு என்ன நடந்தது?

— கல்லு நிலத்திலை விழுந்தது. மெய்யா விழுந்தது.

— நன்றி. அப்பிடியே எழுதிறன். நாளையிண்டைக்குப் புது ஃபோன் வரும்.

— பொறுங்கோ பிள்ளை, அனுப்பிப்போடாதேங்கோ. லைற் எரியுது… இப்ப இது வேலை செய்யுது. அதையும் எழுதவேணுமோ?